படகுக்குச் சொன்ன திசை

இடது கன்னம் முடிந்து, மோவாய்க்குக் கீழே கத்தியை வைத்தபோது அப்பா இம்கெயின் மணிக்கட்டைப் பிடித்தார். நாலைந்து நாட்களாக ஸ்பூனைக்கூடத் தூக்க முடியாமல் கிடந்த கை. இப்போது பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"அசையாதீங்கப்பா. வெட்டிடும்."

"வெட்டட்டும். இனிமே ஆறவா போகுது?"

இம்கெ கத்தியை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். வலது கன்னத்தில் சோப்பு நுரை காய்ந்துகொண்டிருந்தது. கீழே சமையலறையில் அம்மா பாத்திரங்களை டமார் டமாரென்று அடுக்கிக்கொண்டிருந்தாள். காலையில் வந்த டாக்டர், "இன்னைக்கு, மிஞ்சிப் போனா நாளைக்கு" என்று மாடிப்படியில் நின்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவள் கழுவிய பாத்திரங்களையே கழுவுகிறாள்.

"கூனோ வருவான், அடக்கத்துக்கு" என்றார் அப்பா. "எல்லாரும் வருவானுங்க. கூனோ குழி பக்கத்துல நின்னு அந்தப் படகுக் கதையைச் சொல்லுவான். சொல்ல விடாதே."

இம்கெ அவர் முகத்தைப் பார்த்தாள். பிதற்றல் இல்லை. கண் தெளிவாக இருந்தது.

அந்தக் கதை அவர்கள் வீட்டுச் சொத்து. இரண்டாம் உலகப் போரின் நான்காம் வருஷம், அட்லாண்டிக் நடுவே நடந்தது. ஜெர்மன் நீர்மூழ்கித் தளபதியான அப்பா லூடர் யெஸ்ஸெனுக்கு அப்போது முப்பதுகூட ஆகவில்லை. இருந்தாலும் கப்பல் பையன்கள் வழக்கப்படி அவரைக் 'கிழவர்' என்றுதான் அழைத்தார்கள். அன்று பகலில் ஓர் ஆங்கிலச் சரக்குக் கப்பலை டார்பிடோவால் அடித்தார்கள். அது சில நிமிஷங்களில் போய்விட்டது. மிஞ்சியது ஓர் உயிர்காப்புப் படகு. நீர்மூழ்கி மேலே வந்து அதன் அருகே நின்றபோது, சுடத்தான் வந்திருக்கிறார்கள் என்று படகில் இருந்தவர்கள் கையைத் தூக்கினார்கள். கிழவர் கோபுரத்திலிருந்து குனிந்து, பள்ளிக்கூட ஆங்கிலத்தில், அதிகாரி யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு குண்டு மனிதன் எழுந்து நின்றான். "நான் இன்ஜின் ஓட்டுறவன், ஐயா. நட்சத்திரம் பார்க்கிறவங்க எல்லாம் கப்பலோட போயிட்டாங்க" என்றான். இந்த இடத்தில் பழைய பையன்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பிறகு ரொட்டி கொடுத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், ஒரு புட்டி ரம் கொடுத்தார்கள். எழுபது டிகிரியிலேயே போங்கள், ஒரு தீவு வரும் என்று கிழவர் திசையும் சொன்னார். படகுக்காரர்கள் கையசைத்துவிட்டுத் துடுப்பைப் போட்டார்கள். வருஷாவருஷம் கப்பல் தோழர்கள் கூடும்போது கூனோ வ்ரெடெ இதைச் சொல்லி முடிப்பார். எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். அப்பா கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கதைதான் குடும்பத்தைக் கரையேற்றியது. கைதி முகாமில் யாரோ சொல்லக் கேட்ட ஓர் ஆங்கில அதிகாரி அப்பாவைத் தேடி வந்து கைகுலுக்கினாராம். காப்பெல்ன் ஊர் ரொட்டிக் கடையில் பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதெல்லாம் அம்மா அதை எடுத்துப் போட்டாள். ஏன், இம்கெயே போட்டிருக்கிறாள். பள்ளியில் அவளிடம் வரலாறு படிக்கிற முடி வளர்த்த பையன்கள், "டீச்சர், உங்கப்பா போர்ல என்ன செஞ்சாரு?" என்று கேட்கும்போது, அவள் வாயில் முதலில் வருவது ரொட்டியும் ரம்மும்தான். அதற்குப் பிறகு அவர்கள் கேட்பதில்லை.

"ஏன்ப்பா சொல்லக் கூடாது?"

"எழுபதுன்னு சொன்னேன். தொண்ணூறுன்னு சொல்லியிருக்கணும்."

அவள் புரியாமல் பார்த்தாள்.

"எங்ககிட்ட இருந்தது கரண்ட்டுல சுத்துற திசைகாட்டி. அது நெஜமான வடக்கைக் காட்டும். அவங்க படகுல இருந்தது காந்த ஊசி. அந்தக் கடல்ல ஊசி இருபது டிகிரி தள்ளி நிக்கும். எங்க கணக்குக்கு எழுபது. அவங்க ஊசிக்குத் தொண்ணூறு. நான் எங்க கணக்கைச் சொல்லிட்டு வந்துட்டேன். கப்பல் அதிகாரி ஒருத்தன் இருந்திருந்தா எந்த வடக்குன்னு கேட்டிருப்பான். இன்ஜின்காரனுக்கு என்ன தெரியும்?"

"எப்பப்பா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தப்போ. அதுக்குள்ள ரொம்ப தூரம் வந்துட்டோம்."

"அவங்க போய்ச் சேந்தாங்களா?"

"தெரியாது."

"விசாரிக்கவே இல்லையா?"

"விசாரிச்சா பதில் வந்துடும்" என்றார் அப்பா.

 போருக்குப் பின் அப்பா காப்பெல்ன் துறைமுகத்தில் செய்த வேலை, படகுகளின் திசைகாட்டிகளைச் சரிபார்ப்பது. ஒவ்வொரு படகையும் ஊரை ஒட்டிய ஷ்லாய் கழிமுகத்தில் மெல்ல வட்டமடிக்க வைத்து, ஊசி எங்கே எவ்வளவு பொய் சொல்கிறது என்று எழுதி மாட்டிவிட்டு வருவார். கூப்பிடாத படகிலும் ஏறுவார். "யெஸ்ஸென்கிட்ட மாட்டினா மீனுக்கெல்லாம் வயசாகிடும்" என்று மீனவர்கள் கேலி செய்வார்கள். சிறுமியாக அவள் அந்தப் படகுகளில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றிருக்கிறாள். அப்பாவுக்குப் பிடிவாத குணம் என்று மட்டும் நினைத்திருந்தாள்.

"உங்கம்மாவுக்கு இது தெரியாது. தெரிய வேணாம்" என்று கையை விட்டார். "வலது பக்கம் பாக்கி இருக்கு. முடி."

அவள் புதிதாக நுரை போட்டு, வலது கன்னத்தையும் வழித்து முடித்தாள். மாலைக் காபி நேரத்துக்கு முன்பே அவர் போய்விட்டார். அம்மா மேலே வந்தாள். முதலில் ஜன்னலை அகலத் திறந்தாள். பிறகு கட்டிலருகே வந்து புறங்கையால் அவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லா வழிச்சிருக்கே" என்றாள். அன்றைக்கு அவள் பேசியது அவ்வளவுதான்.

மறுநாள் பாதிரியார் வந்தார். சின்ன வயசு. ஒரு நீர்மூழ்கித் தளபதியை அடக்கம் செய்வது அவருக்குச் செருப்புக்குள் கல் மாதிரி இருந்தது போலும். காபிக் கோப்பையைக் கையில் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். பெட்டிமேல் பழைய போர்க்காலக் கொடி ஏதாவது போர்த்துவார்களா என்று சுற்றி வளைத்துக் கேட்டார்.

"கொடி கிடையாது" என்றாள் அம்மா. "பதக்கங்களைக் குஷன்ல வச்சுக் கொண்டு வருவாங்க. அது வழக்கம். அப்புறம் கூனோ வ்ரெடெ பேசுவாரு. படகுக் கதையைச் சொல்லுவாரு."

கதையை அவருக்குச் சுருக்கமாகச் சொன்னாள். கேட்கக் கேட்கப் பாதிரியாரின் முகத்தில் உயிர் வந்தது. இரண்டாவது கோப்பை காபி குடித்துவிட்டு, மனிதநேயம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் இம்கெ சொல்லிப் பார்த்தாள். அம்மா கறுப்பு உடுப்புக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அந்தக் கதை வேணாம்னு அப்பா சொன்னாரு."

"எப்போ?"

"கடைசி நாள். சவரம் பண்ணிக்கிட்டிருந்தப்போ."

"சாகக் கிடக்கிற மனுஷன் ஆயிரம் சொல்லுவாரு. நாளைக்கு ரொட்டிக் கடைக்குப் போகப் போறது அவரா, நானா?"

"வேணாம்னு கெஞ்சினாரும்மா."

இஸ்திரிப் பெட்டி ஒரு கணம் நின்றது. "காரணம் ஏதாவது சொன்னாரா?"

"இல்லை" என்றாள் இம்கெ.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி மறுபடி நகர்ந்தது. "காரணம் இல்லாம வேணாம்னா நான் என்ன பண்ணட்டும்? கூனோ சொல்லட்டும்" என்றாள்.

கூனோ வ்ரெடெ அடக்கத்துக்கு முந்தின நாளே பிரேமன் நகரிலிருந்து வந்து இறங்கினார். அந்தக் காலத்தில் அப்பாவுக்கு அடுத்த அதிகாரி. இப்போது குளியலறை ஓடு விற்கிற கடையை மகனிடம் விட்டுவிட்டு, கப்பல் தோழர்களைக் கூட்டுவதையே முழுநேர வேலையாகச் செய்கிறவர். அவர் வீட்டுக்குள் வந்தால் வீடு சின்னதாகிவிடும். மனைவி தைத்துக் கொடுத்த கறுநீல வெல்வெட் குஷனை அம்மாவின் மடியில் வைத்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பசிக்கிறது என்றார்.

சாப்பிட்டதும் இம்கெ அவரை ஆற்றங்கரைக்கு நடக்க அழைத்துப் போனாள்.

"கூனோ மாமா, ஒண்ணு கேக்கணும். நாளைக்கு அந்தப் படகுக் கதை வேணாம்."

"ஏன், கேட்டுக் கேட்டு உனக்குப் புளிச்சுப் போச்சா?"

"அப்பா கேட்டுக்கிட்டாரு."

"உங்கப்பா எந்த வருஷம் வேணும்னாரு? ஒவ்வொரு தடவையும் என் காலை மேஜைக்கடியில உதைப்பாரு. நான் சொல்லிட்டுத்தான் இருந்தேன். கூச்ச சுபாவம்."

"கூச்சம் இல்லை மாமா."

"அப்புறம் என்ன?"

அவள் வாய் திறந்தது. மூடிக்கொண்டாள். இந்த மனிதரிடம் எழுபதையும் தொண்ணூறையும் சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தோன்றியது; ஆற்றைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

வ்ரெடெ கைத்தடியால் ஒரு கல்லைத் தட்டி ஆற்றில் விட்டார். "சரி, அதைச் சொல்லலை. வேற என்னத்தைச் சொல்ல? நீயே சொல்லு. மூழ்கடிச்ச கப்பல் கணக்கைச் சொல்லவா? உங்க சின்னப் பாதிரியார் குழியில விழுந்துடுவாரு. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சின்னக் கொடி கட்டி, பாட்டு பாடிக்கிட்டு துறைமுகத்துக்குள்ள வந்தோமே, அதைச் சொல்லவா? பொண்ணுங்க பூ கொடுத்ததையா?"

"நல்ல மனுஷர்னு சொல்லுங்க. போதும்."

"எதை வச்சு நல்ல மனுஷர்னு சொல்ல? அதுக்குத்தானே அந்தக் கதை." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இம்கெ, அன்னைக்கு ரொட்டியைத் தூக்கிப் போட்டது நான். இந்தக் கையால. கறுப்பு ரொட்டி, பூசணம் பிடிச்சிருந்ததைச் சுரண்டிட்டுப் போட்டேன். அந்தப் போர்ல நான் யாருக்காவது ஏதாவது கொடுத்தேன்னா அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எடுத்துக்கிட்டதுதான். அதையும் நீ வாங்கிட்டா, என்கிட்ட என்ன இருக்கு சொல்லு?"

இம்கெக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. சலிப்பாகவும் இருந்தது. பெரிய உடம்புக்காரர் அழுதால் யாருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரிவதில்லை.

"அவரு கடைசியாக் கேட்டது இது ஒண்ணுதான் மாமா" என்றாள்.

அவர் கைத்தடியை ஊன்றி வந்த வழியே திரும்பி நடந்தார். "சரி. உனக்காக" என்றார் கடைசியில். "அம்மா கோவிச்சுக்கிட்டா நீதான் பதில் சொல்லணும்."

அடக்கத்தன்று காலையிலிருந்து தூறல். கல்லறைத் தோட்டத்து வாசலில் கப்பல் தோழர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கறுப்புக் கோட்டும் கால்வலியுமாக ஏழெட்டுப் பேர். எல்லோருக்கும் தள்ளி, வேலியோரமாக நின்றிருந்தவர் ஒன்னோ காசென்ஸ். நீர்மூழ்கியில் கடல் வரைபடமும் திசையும் பார்த்தவர் அவர். வருஷாந்தரக் கூட்டங்களில் மேஜையின் கடைசியில் உட்கார்ந்து தேநீர் மட்டும் குடிப்பார். கதைக்கு மேஜை தட்டாத இன்னோர் ஆள் அவர் என்பது இம்கெக்கு இப்போதுதான் உறைத்தது.

அவள் நேராக அவரிடம் போனாள். சுற்றி வளைக்கிற பொறுமை இல்லை.

"அந்த எழுபது தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ஒன்னோ அவளை மேலும் கீழும் பார்த்தார். "சொல்லிட்டாரா?"

"போற அன்னைக்குச் சொன்னாரு. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உக்காந்தப்போதான் தெரிஞ்சுதாம். அதுக்குள்ள ரொம்ப தூரம் வந்துட்டீங்களாம்."

"அப்படியா சொன்னாரு?" ஒன்னோ தொப்பியின் விளிம்பிலிருந்த நீரைத் துடைத்தார். அப்படியே விட்டுவிடப் போகிறார் என்று அவள் நினைத்தாள். அவர் விடவில்லை. "இம்கெ, வரைபடத்தைப் பார்த்து எழுபதுன்னு மேல குரல் கொடுத்தவன் நான். அவரு அதைத்தான் திருப்பிச் சொன்னாரு. அரை மணி நேரத்துல எனக்குப் பொறி தட்டுச்சு. ஓடிப் போய் அவரு காதுல சொன்னேன். அப்போ மேல நின்னு பார்த்தா அந்தப் படகு இன்னும் கண்ணுக்குத் தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா?"

"புள்ளியா."

"அப்போ ஏன் திரும்பலை?"

"வானம் தெளிவா இருந்தது. விமானம் வந்தா நாங்க தொலைஞ்சோம். கீழ நாப்பதுக்கு மேல பசங்க. அது ஒரு காரணம். நல்ல காரணம்தான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா அவரு என்கிட்ட சொன்னது அது இல்லை. 'பசங்க எவ்வளவு சந்தோஷமா இருக்கானுங்க பாரு ஒன்னோ. இப்போ திரும்பிப் போய் அவனுங்க முன்னாடி, அந்த இன்ஜின்காரன் முன்னாடி, தப்பாச் சொல்லிட்டேன்னு நிக்கணுமா?'ன்னாரு. கொஞ்ச நேரம் தூரக்கண்ணாடியை வச்சுப் பார்த்துக்கிட்டே நின்னாரு. அப்புறம், 'அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்'னுட்டு கீழ இறங்கிட்டாரு. என்ன வயசு அவருக்கு? சின்னப் பையன். என்னைவிடச் சின்னவரு. நான் ரெண்டாவது தடவை சொல்லியிருக்கணும். சொல்லலை."

கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. அம்மா காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். இம்கெ அவளைப் பிடித்துக்கொள்ளப் போனாள். கால் மட்டும் நடந்தது. கோபத்தில் அவளுக்குக் காது அடைத்திருந்தது. பாதி முகம் நுரையோடு, சாவு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்கும்போதும், அந்த மனிதர் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். தவறைச் சொன்னார். திரும்பாததைச் சொல்லவில்லை. இதற்காகத்தான் நேற்று ஒரு கிழவரை ஆற்றங்கரையில் அழ வைத்தாளா?

பிரார்த்தனை முடிந்து பெட்டியைக் குழிக்குக் கொண்டு போனார்கள். பின்னால் வ்ரெடெ குஷனை ஏந்தி வந்தார். மழைத்துளி பட்டு வெல்வெட்டில் கறுப்புப் புள்ளிகள் விழுந்திருந்தன. ஊர்க்காரர்களும் ஒரு கூட்டம் இருந்தார்கள்: மீனவர்கள், பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள், ரொட்டிக் கடைக்காரி. பெட்டி இறங்கியது. பாதிரியார் வேதவசனம் சொல்லிவிட்டு, வ்ரெடெயைப் பார்த்து நட்போடு தலையசைத்தார்.

வ்ரெடெ ஓர் அடி முன்னால் வந்தார்.

"லூடர் யெஸ்ஸென்" என்றார். "எங்க கிழவர். எங்களை எல்லாம் உயிரோட வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்." நிறுத்தினார். "நல்ல கடலோடி. நல்ல தோழர்."

அதற்குமேல் வரவில்லை. வாய் அசைந்தது. தோழர்கள் தலையைச் சற்றுச் சாய்த்து, தெரிந்த பாட்டுக்குக் காத்திருப்பவர்களைப் போல நின்றார்கள். ஒருவர் இருமினார். வ்ரெடெ இம்கெயைப் பார்த்தார். அனுமதி கேட்கிற பார்வை. அவள் தரையைப் பார்த்தாள். சொல்லச் சொல்லவும் மனம் வரவில்லை, வேண்டாம் என்று தலையாட்டவும் வரவில்லை. எல்லோரும் கலைந்து போனால் போதும் என்றிருந்தது.

அப்போது அவள் கையிலிருந்து அம்மாவின் கை விடுபட்டது. ஹெர்தா யெஸ்ஸென் குழியின் ஓரத்துப் பலகையில் ஏறி நின்றாள். எழுபதை நெருங்குகிறவள். கறுப்பு உடுப்பில் இஸ்திரி மடிப்பு இன்னும் நேராக இருந்தது.

"கடல் அன்னைக்கு ஏரித் தண்ணி மாதிரி கிடந்தது" என்றாள்.

கதையின் முதல் வரி. வ்ரெடெ வருஷாவருஷம் சொல்கிற அதே வரி. சமையலறையிலிருந்து மாடிக்குக் குரல் கொடுப்பது போல, ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னாள். கப்பல், படகு, தூக்கிய கைகள். நட்சத்திரம் பார்க்கத் தெரியாத குண்டு மனிதன். அந்த இடத்தில் வழக்கம் மாறாமல் இரண்டு தோழர்கள் லேசாகச் சிரித்தார்கள். ரொட்டி. "கூனோ போட்டாரு" என்று அவர் பக்கம் கையைக் காட்டினாள். வ்ரெடெயின் முகம் நன்றியில் கோணிக்கொண்டது. இம்கெ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அப்பா, என்னால் முடியவில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எழுபதுல போங்கன்னு சொன்னாரு" என்றாள் அம்மா. "அது தப்பு."

மழை குடைகளில் விழுகிற சத்தம் கேட்டது.

"இவங்க கருவிக்குத்தான் எழுபது. படகுல இருந்த ஊசிக்குத் தொண்ணூறு. அரை மணி நேரத்துல ஒன்னோ ஓடி வந்து சொன்னாரு. படகு இன்னும் கண்ணுக்குத் தெரிஞ்சுக்கிட்டிருந்தது. உடனே இவரு கப்பலைத் திருப்பச் சொன்னாரு. திரும்பிப் போனாங்க. எல்லாப் பசங்களும் பார்க்க மேல நின்னுக்கிட்டு, நான் தப்பாச் சொல்லிட்டேன், தொண்ணூறுன்னாரு. அந்தக் குண்டு மனுஷன் தொண்ணூறு, தொண்ணூறுன்னு ரெண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கிட்டான். அதுக்கப்புறம்தான் வந்தாங்க."

பலகையிலிருந்து இறங்கினாள்.

தோழர்கள் சிரிப்பை மறந்துவிட்டிருந்தார்கள். அத்தனை பேரும் அந்தக் கப்பலில் இருந்தவர்கள். கப்பல் அன்றைக்குத் திரும்பியதா இல்லையா என்பது ஒவ்வொரு ஆளுக்கும் தெரியும். வ்ரெடெயின் கையில் குஷன் சாய்ந்து, ஒரு பதக்கம் வழுக்கிப் புல்லில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. அம்மாவை, பிறகு ஒன்னோவை, பிறகு தன் வலது கையைப் பார்த்தார். அந்த ரொட்டி எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவர் அப்போதுதான் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எல்லோர் கண்ணும் ஒன்னோ காசென்ஸ் மேல் திரும்பியது. ஒன்னோ தொப்பியைக் கழற்றினார். மழை அவர் வழுக்கைத் தலையில் விழுந்து வழிந்தது.

"ஆமா" என்றார். "திரும்பினோம்."

பக்கத்தில் நின்றவர் ஒரு கணம் தயங்கிவிட்டுத் தலையாட்டினார். அவருக்கு அடுத்தவரும் ஆட்டினார். பாதிரியார் உருகிப்போய், தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் துணிவைப் பற்றி இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னார். ரொட்டிக் கடைக்காரி கைக்குட்டையை எடுத்தாள். இம்கெக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அதே சமயம் கண்ணீர் தன்பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது. யாருக்காக என்று கேட்டால் அவளால் சொல்லியிருக்க முடியாது. வரிசை நகர்ந்தது. ஆளுக்கு மூன்று கை மண் போட்டார்கள்.

ஆற்றங்கரை விடுதியில் காபிக்கு மேஜை போட்டிருந்தார்கள். அடக்கம் முடிந்தபின் வைக்கிற வெண்ணெய்க் கேக்கை நீள நீளமாக வெட்டித் தட்டுகளில் அடுக்கியிருந்தார்கள். அம்மா மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, மூன்று நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சாப்பிட்டாள். இம்கெ நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முகாம்லேர்ந்து வந்த மொத ராத்திரிலேர்ந்து. தூக்கத்துல தொண்ணூறு, தொண்ணூறுன்னாரு. ஏதோ வீட்டு நம்பர்னு நெனச்சேன். எவ வீடோன்னு ஒரு வாரம் அவரோட பேசாம இருந்தேன்." அம்மா காபியை ஒரு வாய் குடித்தாள். "அப்புறம் கப்பலைத் திருப்பு, ஒன்னோவைக் கூப்பிடுன்னு கத்துவாரு. ஒவ்வொண்ணாச் சேத்துப் புரிஞ்சுக்கிட்டேன்."

"அப்பாகிட்ட கேக்கவே இல்லையா?"

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்தாரு. அந்த ஒரு நிம்மதியையும் எதுக்குக் கெடுக்கணும்?"

"இன்னைக்கு நீ சொன்னது பொய்."

"ராத்திரி ராத்திரி திரும்பிப் போனவரு பக்கத்துல படுத்திருந்தது நீயா, நானா?" என்றாள் அம்மா. குரல் உயரவில்லை. கன்னம் மட்டும் சிவந்தது.

"அந்தப் படகுல இருந்தவங்க?" என்று கேட்டாள் இம்கெ. "அவங்களுக்கு என்னம்மா ஆச்சு?"

அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கேக்கின் மேலிருந்து தட்டில் உதிர்ந்த சர்க்கரையை விரல் நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். எடுத்ததை வாயில் வைக்காமல் தட்டின் ஓரத்திலேயே தட்டிவிட்டாள்.

எதிர்மேஜையில் தோழர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையின் நடுவே, ஒன்னோவும் வ்ரெடெயும் பக்கத்தில் பக்கத்தில். வ்ரெடெயின் குரல் கேட்காத ஒரு கூட்டத்தை இம்கெ அதுவரை பார்த்ததில்லை. பரிசாரகி காபி ஊற்றிக்கொண்டே போனாள். யாரோ மழையைப் பற்றி ஏதோ சொன்னார்கள்.

வெளியே ஷ்லாயில் ஏதோ ஒரு மீன்படகு கிளம்பியது. அதன் இன்ஜின் சத்தம் முதலில் தூரத்தில், பிறகு ஜன்னலுக்கு நேர் கீழே வந்தது. கிழவர்கள் அத்தனை பேரும் ஒரே கணத்தில் பேச்சை நிறுத்தினார்கள். கடலடியில் கிடக்கும்போது எதிரிக் கப்பல் தலைக்குமேல் கடந்தால் பார்ப்பது போல, தலைகள் லேசாக மேலே நிமிர்ந்து, கண்கள் கூரையைப் பார்த்தன. தூக்கிய கோப்பைகள் தூக்கியபடி நின்றன. சத்தம் கடந்து, தேய்ந்து, சுத்தமாக இல்லாமல் போகிறவரை யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை.